எல்லாவற்றையும் பதிந்து வைப்பது பாதுகாப்பு ஆகாது

வெப் சர்வர் நிர்வாகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு. லாக்கில் கை வைக்காதே. வருகிற கோரிக்கை ஒவ்வொன்றையும் சர்வர் ஒரு வரியாக எழுதிக்கொண்டே போகட்டும். டிஸ்க் விலை மலிந்துவிட்டது. நாளைக்கு எது தேவைப்படும் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? பிறகு கையைப் பிசைவதைவிட இப்போதே எல்லாவற்றையும் பதிந்து வைப்பது மேல். கேட்கும்போது பொறுப்பான பேச்சாகத்தான் இருக்கிறது. மூத்தவர்கள் இதைச் சொல்கிறார்கள், தணிக்கைக்கு வருகிறவர்கள் இதை எதிர்பார்க்கிறார்கள், லாக் சேகரிக்கும் மென்பொருளை விற்கிறவர்கள் இதை மனமார ஆதரிக்கிறார்கள். இது தவறு என்பது என் வாதம். என்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்று யோசிக்காதவர்தான் எல்லாம் வேண்டும் என்கிறார். அவர் யோசிக்காமல் விட்ட இடத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறு யாரோ வேறு எதற்கோ வகுத்த ஒரு வரி வடிவம் அவருக்காக முடிவெடுத்துவிடுகிறது. அந்த வரியில் சர்வரைப் பற்றி நாம் அறிந்தாக வேண்டியது விடுபட்டுப்போகிறது. வருகிற மனிதரைப் பற்றி நாம் வைத்திருக்கக் கூடாதது சேர்ந்துவிடுகிறது.

அந்த ‘எல்லாம்’ உண்மையில் எவ்வளவு என்று முதலில் பார்க்கலாம். இன்று பெரும்பாலான சர்வர்களில் ஓடும் வடிவத்தின் வேர் 1990-களின் முற்பகுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் என்சிஎஸ்ஏ மையம் எழுதிய சர்வரும், ஜெனீவாவில் செர்ன் எழுதிய சர்வரும் பொதுவாக வைத்துக்கொண்ட ‘காமன் லாக் ஃபார்மேட்’ அது. ஏழே புலங்கள்: கோரிக்கை வந்த கணினியின் முகவரி, ஐடென்ட் என்ற நெறிமுறை வழியாகக் கிடைக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்திருந்தால் அந்தப் பெயர், நேரம், கோரிக்கை வரி, நிலைக் குறியீடு, அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று காட்டும் ரெஃபரரும், எந்தப் பிரவுசர் என்று காட்டும் யூசர் ஏஜென்ட்டும் பின்னால் சேர்ந்தபோது அது ‘கம்பைண்டு’ ஆனது. 1995-இல் வந்த அப்பாச்சி இதைச் சுமந்து வந்தது. 2004-இல் வெளியான என்ஜின்எக்ஸ் பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டாவது புலமான ஐடென்ட் இணையத்தில் எப்போதோ செத்துவிட்ட நெறிமுறை. உள் நெட்வொர்க்குக்கு வெளியே அதை நம்பவே கூடாது என்று அப்பாச்சியின் ஆவணமே எச்சரிக்கிறது. என்ஜின்எக்ஸ் அதைக் கேட்டுப் பார்ப்பதுகூட இல்லை. பழைய லாக் படிக்கும் நிரல்கள் குழம்பிவிடக் கூடாதே என்று அந்த இடத்தில் வெறும் சிறுகோட்டை எழுதிவிட்டு நகர்கிறது. யாரோ யோசித்து எடுத்த முடிவு இந்த வரி வடிவம் என்று நம்புகிறவர்கள் அந்தச் சிறுகோட்டைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான வரிகளில் அது எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த வடிவத்தில் இல்லாதவற்றின் பட்டியல் இன்னும் கவலை தருவது. ஒரு கோரிக்கைக்குப் பதில் சொல்ல சர்வர் எவ்வளவு நேரம் எடுத்தது? இல்லை. இருபது மில்லி நொடியில் போன பக்கமும், பயனரை இருபது நொடி காக்க வைத்த பக்கமும் லாக்கில் 200 என்ற ஒரே எண்ணோடு இரட்டைப் பிள்ளைகள் போல நிற்கின்றன. தாமதம் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸில் நேர்ந்ததா, பின்னால் ஓடும் அப்ளிகேஷனில் நேர்ந்ததா? இல்லை. ஒரே சர்வரில் பத்து தளங்கள் ஓடினால் இந்தக் கோரிக்கை எந்தத் தளத்துக்கு வந்தது? அதுவும் இல்லை; அதற்காகவே டெபியன் தன் அப்பாச்சித் தொகுப்பில் தளத்தின் பெயரையும் சேர்த்த இன்னொரு வடிவத்தை வைத்திருக்கிறது. இந்த வரியையும், அப்ளிகேஷன் லாக்கில் உள்ள பிழையையும் ஒரே கோரிக்கை என்று பொருத்திப் பார்க்க ஓர் அடையாள எண்? இல்லை. லோடு பேலன்சருக்குப் பின்னால் சர்வர் நின்றால் முதல் புலத்தில் விழுவது லோடு பேலன்சரின் முகவரிதான். அப்போது அந்தப் புலமும் யாரையும் காட்டாது. நேரத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. அப்பாச்சி வழக்கமாக எழுதுவது கோரிக்கை வந்து சேர்ந்த நேரம். என்ஜின்எக்ஸ் எழுதுவது பதில் அனுப்பி முடித்த நேரம். முன்னால் என்ஜின்எக்ஸும் பின்னால் அப்பாச்சியும் நிற்கும் அமைப்பில் இரண்டு லாக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர், மெதுவான கோரிக்கைகளில்தான் அதிகம் வழிதவறுவார். அவர் தேடி வந்ததோ அந்த மெதுவான கோரிக்கைகளைத்தான். இவை எல்லாவற்றுக்கும் தீர்வு சர்வரிலேயே இருக்கிறது. பதில் நேரத்தை என்ஜின்எக்ஸ் மில்லி நொடி வரையிலும் அப்பாச்சி மைக்ரோ நொடி வரையிலும் தரும். பின்னணி அப்ளிகேஷன் எடுத்த நேரத்துக்குத் தனி மாறி உண்டு. கோரிக்கைக்கு அடையாள எண் கொடுக்கும் வசதி இரண்டிலும் உண்டு. கேட்டால் கிடைக்கும். ‘எல்லாம் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது’ என்று நம்புகிறவர் கேட்கப் போவதில்லை என்பதுதான் சிக்கல்.

இனி மறுபக்கம், அதாவது கூடுதலாகப் பதிவாகிறவை. கம்பைண்டு வடிவம் கோரிக்கை வரியை முழுசாக எழுதுகிறது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையும் சேர்த்து. பாஸ்வேர்டை மறந்தவருக்கு மின்னஞ்சலில் போகும் இணைப்பின் ரகசிய டோக்கன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மருத்துவமனைத் தளத்தில் தேடிய நோயின் பெயர், வேலைத் தளத்தில் தட்டிய சம்பள எதிர்பார்ப்பு, படிவத்தை அவசரத்தில் தவறாக எழுதிய நிரலாளர் முகவரியிலேயே ஒட்டி அனுப்பிய கைபேசி எண், எல்லாம் அங்கே விழும். இதற்கு மேலும் ஒன்று நடக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அந்த டோக்கன் உள்ள பக்கம் திறந்தவுடன் அதே தளத்திலிருந்து படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் ஸ்கிரிப்டுகளையும் பிரவுசர் கேட்கும். ஒவ்வொரு கேள்வியோடும் ‘நான் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்’ என்று முழு முகவரியையும் ரெஃபரராக அனுப்பும். பக்கத்தில் நாற்பது கோப்புகள் இருந்தால் அந்த ரகசியம் லாக்கில் நாற்பத்தொரு முறை எழுதப்படும். குரோம் 2020-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021-இலும் வேற்றுத் தளங்களுக்கு ரெஃபரரில் தளத்தின் பெயரை மட்டுமே அனுப்பும்படி தங்கள் இயல்பு அமைப்பை மாற்றிக்கொண்டன. சொந்தத் தளத்துக்குப் போகும்போது முழு முகவரியும் இன்னும் போகிறது. பிரவுசர் செய்கிறவர்கள்கூட இதில் ஆபத்து இருப்பதை ஒப்புக்கொண்டு தங்கள் பக்கத்தைத் திருத்திய பிறகும் சர்வர் நிர்வாகிகள் பழைய வரியைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

ரகசியம் லாக்கில் விழுந்தால் என்ன ஆகிவிடும், லாக் நம்மிடம்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். நடந்ததைச் சொல்கிறேன். 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் அத்தனை பேரையும், ஏறத்தாழ 33 கோடிப் பேரை, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. யாரும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. பாஸ்வேர்டை மறைகுறியாக மாற்றுவதற்கு முன்பே ஒரு நிரல் பிழை அதை உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதிவிட்டது. அதே சமயத்தில் கிட்ஹப்பும் சிலருடைய பாஸ்வேர்டுகள் தன் உள் லாக்கில் இதேபோல் பதிந்துவிட்டதாக அறிவித்தது. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக், கோடிக்கணக்கான பயனர்களின் பாஸ்வேர்டுகள் தன் உள் அமைப்புகளில் வெறும் எழுத்தாகவே கிடந்ததை ஒப்புக்கொண்டது. அவற்றில் சில 2012-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று அப்போது செய்தி வந்தது. இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் வேலை செய்யும் இடங்கள் இவை. இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு: இவை அப்ளிகேஷன் எழுதிய லாக்குகள், வெப் சர்வரின் அக்சஸ் லாக் அல்லவே? ஆம், அப்படித்தான். அந்த வேறுபாடு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அங்கே ரகசியம் பதிவாக ஒரு பிழை தேவைப்பட்டது. அக்சஸ் லாக்கில் எந்தப் பிழையும் தேவையில்லை. சர்வர் தனக்குச் சொன்னபடியே நடந்துகொள்ளும்போதே டோக்கன் பதிவாகிவிடுகிறது. டேட்டாபேஸுக்கு இருக்கும் காவல் லாக்குக்குக் கிடையாது. டேட்டாபேஸைத் திறக்க அனுமதி கேட்பார்கள், மறைகுறியாக்கி வைப்பார்கள். லாக்கையோ பிழை தேடும் நிரலாளரின் மடிக்கணினிக்கும், வெளி நிறுவனத்தின் பகுப்பாய்வுச் சேவைக்கும், ஆதரவு கேட்டு எழுதும் கடிதத்தின் இணைப்புக்கும் தாராளமாக அனுப்புவார்கள்.

ஐபி முகவரியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் ‘அது வெறும் எண்தானே’ என்ற சமாதானம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஜெர்மன் அரசுத் தளங்கள் தன் ஐபி முகவரியை லாக்கில் வைத்திருப்பதை எதிர்த்து அரசியல்வாதி பாட்ரிக் ப்ரேயர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 அக்டோபர் 19 அன்று தீர்ப்பளித்தது. அடிக்கடி மாறும் ஐபி முகவரியேகூட, இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் உள்ள விவரத்தோடு சட்ட வழியில் பொருத்தி ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், தளம் நடத்துகிறவர் கையிலும் தனிநபர் தரவுதான் என்றது. அதே தீர்ப்பு, தாக்குதலிலிருந்து தளத்தைக் காக்க அதைப் பதிந்து வைப்பதில் நடத்துகிறவருக்கு நியாயமான அக்கறை இருக்கலாம் என்றும் சொன்னது. தீர்ப்பின் இந்த இரண்டாம் பாதியை எதிர்த்தரப்பு விரும்பிச் சுட்டும். நானும் அதையே சுட்டுகிறேன். நோக்கம் ஒன்றைச் சொல்ல முடிந்தால் வைக்கலாம் என்பதுதான் அதன் சாரம். ‘என்றாவது உதவும்’ என்பது நோக்கம் ஆகாது. சிலர் ஹாஷ் செய்து வைத்தால் போதும் என்கிறார்கள். போதாது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அத்தனைக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது சாதாரணக் கணினிக்கே பெரிய வேலை இல்லை. தினமும் மாறி, நாள் முடிந்ததும் அழிக்கப்படும் ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து ஹாஷ் செய்தால்தான் கொஞ்சம் பொருள் உண்டு; இல்லையேல் முகவரியின் கடைசிப் பகுதியை வெட்டிவிடுவது நேர்மையான வழி. பெயருக்குப் பதில் எண் போட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை எப்படி முடியும் என்பதை 2006 ஆகஸ்டில் ஏஓஎல் காட்டியது. ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் மூன்று மாதத் தேடல் பதிவுகளை, பெயர்களை எண்ணாக மாற்றி, அந்த நிறுவனம் வெளியிட்டது. சில நாள்களிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணின் தேடல்களை மட்டும் வைத்து அந்த எண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவரைக் காட்டிக்கொடுத்தவை அவர் தேடிய சொற்கள். வெப் சர்வர் லாக்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் கிடப்பவையும் அதே வகைச் சொற்கள்தான்.

டிஸ்க் மலிவு என்ற வாதத்துக்கு வருகிறேன். மலிவுதான், மறுக்கவில்லை. ஒரு வரிக்குச் சராசரியாக 250 பைட் என்று வைத்தால், நாளைக்கு 1 கோடிக் கோரிக்கை வரும் தளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 ஜிபி எழுதும். சுருக்கி வைத்தால் அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். வாங்கக்கூடிய அளவுதான் அது. விலை வேறிடத்தில் ஏறுகிறது. பதிந்ததைத் தேட வேண்டும். தேட ஒரு சேவையில் ஏற்ற வேண்டும். அத்தகைய சேவைகள் பலவற்றில் ஏற்றும் அளவைப் பொறுத்துத்தான் கட்டணம். அதைவிட மோசம், திட்டமில்லாமல் வளர்ந்த லாக்கின் முடிவு. டிஸ்க் நிரம்பியதும் அதே டிஸ்க்கில் உள்ள டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்கும். என்ஜின்எக்ஸோ லாக் வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுத் தொடரும். அகாலத்தில் எழுப்பப்பட்ட ஒருவர் பதற்றத்தில் பெரிய கோப்பை அழிப்பார். அழித்த பிறகும் இடம் கிடைக்காது, ஏனென்றால் சர்வர் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. சர்வரை மீண்டும் தொடங்கியதும் இடம் வரும், அன்றைய தடயம் போய்விடும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நினைத்த இடத்தில், வேண்டிய நாளின் லாக் மட்டும் இல்லாமல் போவது இப்படித்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘எங்களிடம் எல்லாம் இருக்கிறது’ என்பவர்கள் பலரிடம் உண்மையில் இருப்பது இரண்டு வாரம்தான். டெபியனிலும் உபுண்டுவிலும் அப்பாச்சிக்கும் என்ஜின்எக்ஸுக்கும், பழைய லாக்கைச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட்டின் இயல்பு அமைப்பு, தினம் ஒரு கோப்பு, மொத்தம் 14 கோப்பு. பதினைந்தாம் நாள் பழையது போய்விடும். வரியை யோசிக்காதவர் நாளையும் யோசிப்பதில்லை.

லாக்கில் எழுதுவது ஆபத்தற்ற செயல் என்ற எண்ணமும் இந்த மனப்போக்கின் ஒரு கிளை. யூசர் ஏஜென்ட்டும் ரெஃபரரும் எதிரில் இருப்பவர் தன் விருப்பப்படி எழுதி அனுப்பும் சொற்கள். அவற்றை அப்படியே வாங்கி எழுதுவது முன்பின் தெரியாதவர் கையில் பேனாவைக் கொடுப்பது. 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஜே ஓட்டை இதைத்தான் காட்டியது. ஜாவா உலகம் முழுக்கப் பரவியிருந்த அந்த லாக் நூலகம், எழுத வந்த சரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தால் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளி சர்வரைத் தொடர்புகொண்டது. யூசர் ஏஜென்ட்டில் ஒரு வரி அனுப்பினாலே இயந்திரத்தைக் கைப்பற்ற முடிந்தது. கடுமை அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண். அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் இதில் சிக்கவில்லை என்றாலும், அவை எழுதிய லாக்கை வாங்கி ஆராயும் ஜாவாக் கருவிகள் சிக்கின.

எதிர்வாதங்களில் மிகக் கனமானது சட்டம். இந்தியாவில் சர்வர் நடத்துகிறவர்களுக்கு, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, எல்லா அமைப்புகளிலும் லாக்கை இயக்கி வைத்து, 180 நாள்களுக்கான லாக்கைப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. அசம்பாவிதத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. கடிகாரங்களை என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் கீழ் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், லாக்கை ஓராண்டு வைக்க வேண்டும் என்கின்றன. சட்டமே இப்படிச் சொல்லும்போது குறைத்துப் பதிவது எப்படிச் சரி என்று கேட்பது நியாயம். ஆனால் ஆணையை வாசித்தால் அது ‘எல்லாவற்றையும்’ என்று சொல்லவில்லை என்பது தெரியும். லாக் இருக்க வேண்டும், விசாரணைக்குப் பயன்பட வேண்டும், பத்திரமாக இருக்க வேண்டும் என்கிறது. பாஸ்வேர்டு மாற்றும் டோக்கனை நாற்பத்தொரு முறை எழுதி வை என்று எந்த விதியும் கேட்கவில்லை. 14 நாளில் அழிந்துபோகும் இயல்பு அமைப்பு அந்த ஆணையை நிறைவேற்றவும் இல்லை. ஆக, இயல்பு அமைப்பைத் தொடாதவர் இரண்டு பக்கமும் தவறுகிறார்: வைக்க வேண்டிய நாள்களுக்கு வைக்கவில்லை, வைக்கக் கூடாததை எழுதுகிறார். அதே 2023 சட்டம், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. டோக்கன்களும் தேடல் சொற்களும் நிறைந்த கோப்பை ஓராண்டு வைத்திருக்கக் கடமைப்பட்டவருக்கு அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்ற கவலை மற்றவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஐபி முகவரியைப் பொறுத்தவரை இந்தியச் சூழலில் நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டோர் திட்டம் தன் தளங்களின் லாக்கில் வருகிறவர் முகவரிக்குப் பதில் 0.0.0.0 என்று எழுதி, நேரத்தையும் நாள் அளவோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த அளவுக்கு இங்கே ஒரு நிறுவனம் போக முடியாது. முழு முகவரி சட்டம் சொல்லும் காலம் வரை, திறக்க மிகச் சிலருக்கே அனுமதி உள்ள இடத்தில் இருக்கட்டும். காலம் முடிந்த மறுநாள் அது தானாக அழிய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அடுத்தது தடயம் தேடுவோரின் எதிர்ப்பு. ஊடுருவல் பல மாதம் கழித்துத்தான் தெரியவருகிறது; எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் முயற்சிகள் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் தென்படுகின்றன; அதை வெட்டிவிட்டால் தாக்கியவன் நடந்த தடம் போய்விடும் என்கிறார்கள். பாதி உண்மை. மறுபாதி, அதே தாக்குதலைப் படிவத்தின் உடலில் வைத்து போஸ்ட் முறையில் அனுப்பினால் கம்பைண்டு லாக்கில் ஓர் எழுத்தும் பதியாது. ‘எல்லாம்’ பதிகிற லாக் அந்தத் தாக்குதலைப் பார்க்கவே பார்க்காது. இதற்கு மருந்தாகச் சிலர் கோரிக்கையின் உடலையும் பதியத் தொடங்குகிறார்கள். அப்போது உள்நுழையும் ஒவ்வொருவரின் பாஸ்வேர்டும் கோப்புக்கு வந்துவிடும், ட்விட்டர் கதை மறுபடி ஆரம்பமாகும். சரியான வழி வேறு. மொய் நோட்டு எழுதுகிறவர் பெயர், ஊர், தொகை என்று மூன்றை மட்டும் எழுதுகிறார். அந்த வீட்டு விசேஷத்துக்கு நாளை எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கேள்வி அந்த மூன்றையும் தீர்மானித்துவிட்டது. லாக்குக்கும் கேள்வி முதலில் வர வேண்டும், கேள்விகள் பலவானால் கோப்புகளும் பலவாகலாம். சர்வர் ஏன் மெதுவாக இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு கோப்பு: பதில் நேரம், பின்னணி நேரம், தளம், பாதை, நிலைக் குறியீடு, அடையாள எண் இருக்கும், ஆள் யார் என்பது தேவையில்லை, எத்தனை ஆண்டு வைத்தாலும் யாருக்கும் கேடில்லை. யார் தாக்கினார்கள் என்ற கேள்விக்கு இன்னொரு கோப்பு: முழு முகவரி இருக்கும், காலக்கெடு இருக்கும், பூட்டு இருக்கும். சந்தேகத்துக்குரிய கோரிக்கையை முழுசாகப் பிடிக்க மாட்செக்யூரிட்டி போன்ற கருவியைத் தணிக்கை லாக்கோடு வைக்கலாம். விதி ஒன்றில் சிக்கிய கோரிக்கையை மட்டும் எழுதும்படி அதை அமைக்க முடியும். தாக்குகிறவனைப் பிடிக்கத் தளத்துக்கு வந்த எல்லோருடைய சொற்களையும் சேகரிக்க வேண்டிய அவசியம் அப்போது இல்லை.

வேகம் கூட வேண்டும் என்று லாக்கையே அணைத்துவிடும் எதிர்த் துருவத்துக்கும் நான் துணை நிற்கவில்லை. படங்களுக்கும் ஸ்டைல் கோப்புகளுக்கும் அணைப்பது புரிகிறது, அதற்கு நிபந்தனையோடு பதியும் வசதியும் இருக்கிறது. எரர் லாக்கையும் அணைக்க நினைத்து என்ஜின்எக்ஸில் அதற்கு ‘ஆஃப்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அணைவதில்லை, ‘ஆஃப்’ என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறந்து அதில் எழுதிக்கொண்டிருக்கும்.

கடைசியாக மிஞ்சும் எதிர்ப்பு நேரம் பற்றியது. ஒருவரே பத்து சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சிறு அலுவலகத்தில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், அதனால் வேலையின் அளவைச் சொல்கிறேன். அப்பாச்சியில் முழுக் கோரிக்கை வரிக்குப் பதிலாக, முறையையும் பாதையையும் நெறிமுறையையும் தனித்தனியே எழுதும் குறியீடுகளை வைத்தால் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது விடுபடும். பதில் நேரத்துக்கு ஒரு குறியீட்டைச் சேர்க்க வேண்டும். எல்லாம் ஒரே வரியில் முடியும். என்ஜின்எக்ஸில் அதே வேலைக்கு லாக் ஃபார்மேட் ஒன்று, முகவரியின் கடைசிப் பகுதியை வெட்ட ஒரு மேப் தொகுதி, ரெஃபரரில் தளத்தின் பெயரை மட்டும் எடுக்க இன்னொன்று. லாக்ரொட்டேட்டில் மாற்ற வேண்டியது ஓர் எண். ஒரு பிற்பகல் வேலை இது. முடித்த பிறகு மறந்துவிடக் கூடாத கோப்பு ஒன்று உண்டு. என்ஜின்எக்ஸின் எரர் லாக் அதன் வடிவத்தை மாற்ற இடம் தருவதில்லை. அக்சஸ் லாக்கில் எவ்வளவு கவனமாக மறைத்தாலும், பிழை ஒன்று நேர்ந்தவுடன் வந்தவரின் முழு முகவரியையும் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது உட்படக் கோரிக்கை வரியையும் எரர் லாக் எழுதிவிடும். அப்பாச்சி 2.4-இல் எரர் லாக்கின் வடிவத்தையும் நாமே வகுக்கலாம். என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர் அந்தக் கோப்பைத் தனியே பிரித்து, பூட்டுள்ள கோப்பின் காலக்கெடுவுக்கும் அனுமதிக்கும் உட்படுத்த வேண்டும். டோக்கனை முகவரியில் ஒட்டி அனுப்புவதை நிறுத்தும்படி அப்ளிகேஷன் எழுதுகிறவரிடம் கேட்பதையும் அதே பிற்பகலில் செய்துவிட வேண்டும்.